கேட்காத பேச்சு

அரசியல் பேச்சைக் கேட்டாலே பிரமிளாவுக்கு ரத்த அழுத்தம் எகிறியது. டாக்டர் அவள் காதில் ஒரு கருவியைப் பொருத்தினார். யார் அரசியல் பேசினாலும் அது அந்தப் பேச்சை மட்டும் அழித்துவிடும். உதடுகள் அசையும், சத்தம் வராது. அப்போதெல்லாம் சிரித்துத் தலையாட்டப் பழகிக்கொண்டாள்.

ஐப்பசி மழைக்கு முன் மொட்டைமாடிச் செடிப்பைகளைச் செங்கல் மேல் தூக்கி வைத்துக்கொண்டிருந்தபோது, பக்கத்து வீட்டுத் தவமணி படியேறி வந்தாள்.

"வாங்கக்கா. சாயங்காலமே கொட்டிரும்போல. உங்க தக்காளிக்குக் குச்சி நட்டாச்சா?"

தவமணியின் உதடுகள் அசைந்தன, முகம் கோணியது. அரசியல் பேசினால் அவள் முகம் எப்போதும் அப்படித்தான் கோணும். பிரமிளா சிரித்துத் தலையாட்டினாள்.

"விடுங்கக்கா, நமக்கென்ன வந்துச்சு! இந்தப் பையைக் கொஞ்சம் பிடிங்க."

தவமணி அவள் காதிலிருந்த கருவியைப் பிடுங்கி எறிந்தாள்.

"ஊர்வலத்துல போலீஸ் சுட்டு எம்புள்ள செத்துட்டான்னு சொல்றேன், பல்லைக் காட்டுறியேடி!"

பிரமிளாவின் கையிலிருந்த பை நழுவி மண் சிதறியது. முகத்தில் அந்தச் சிரிப்பு அப்படியே இருந்தது. அதை எப்படி நிறுத்துவதென்று அவளுக்குத் தெரியவில்லை.