ஏழு அறைப் பெட்டி

"சும்மா கதை விடாத மதினி. நீ வரைஞ்ச பெட்டி உனக்கே திறக்காதா?"

பேச்சியம்மாள் அட்டைப்பெட்டியை முத்தரசியின் மேசைமேல் அறைந்தாள். அவள் தோளில் கிடந்த மகனின் நெஞ்சு விசில் அடித்தது. பெட்டியில் ஏழு நாளைக்கு ஏழு இழுப்பு மாத்திரைகள், ஏழு அறைகளில். தினமும் காலையில் ஓர் அறை தானாக மடிப்பவிழும். வலுவில் கிழித்தால் உள்ளே பசை கசிந்து எல்லா மாத்திரையும் கரைந்துவிடும். இன்றைய மாத்திரை காலையிலேயே தீர்ந்திருந்தது.

"ஆஸ்பத்திரிக்குப் போவோம், பேச்சி."

"அங்கருந்துதான் வாறேன். அங்கயும் மாத்திரை இதே பெட்டியிலதான். இன்னைக்குள்ளது தீந்துபோச்சு, நாளைக்கு வாங்கன்னுட்டாங்க. கோயில் கொடையில ஊரையே கூட்டிவச்சுப் பீத்துனியே, எந்தப் பெட்டியிலயும் நான் மட்டும் திறக்க ஒரு கள்ள மடிப்பு வச்சிருப்பேன்னு! என் பிள்ளைக்குன்னதும் மறந்துபோச்சோ?"

முத்தரசி அன்று சொன்னது பொய்யில்லை. இந்தப் பெட்டிக்கும் ஒரு மடிப்பு வைத்திருந்தாள். ஆனால் திறக்க முடிகிறதா என்று சோதிக்க வந்த கம்பெனிக்காரர்கள் தோற்றுப்போய்க் கைதட்ட வேண்டும் என்ற ஆசையில், கடைசி வரைபடத்தில் அதை அவளே அழித்துவிட்டாள். அவர்களும் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

அவள் விரல்கள் பெட்டியின் விளிம்பை வீணாகத் தடவின.

"நடிக்காத!" என்று கத்திய பேச்சியம்மாளின் குரல், பையன் மூச்சுக்குத் திணறியதும் உடைந்தது. "நம்ம சண்டையப் பிறகு வச்சுக்கிடுவோம் மதினி. அந்த மடிப்பு எங்க இருக்குன்னு மட்டும் காட்டு."