அண்ணையின்ரை நாரி

வீட்டுக் கூரை ஒழுகுது, மனுசன் காருக்கு மெத்தை கட்ட வந்து நிக்கிறார் எண்டு பத்மாவதி அக்கா கார் திருத்துற என்ரை கராச் வாசலிலை வைச்சே தொடங்கிவிட்டா.

அக்கா சொன்னதிலை பிழை இல்லை. அவவின்ரை மனுசன் கனகலிங்கம் அண்ணையின்ரை கொரோலாவுக்கு என்ரை மூத்த மகளின்ரை வயது. மகளுக்கே பிள்ளை பிறந்திட்டுது. பண்டத்தரிப்பிலை இருந்து சுன்னாகம் சந்தைக்கு வெங்காய மூட்டை ஏத்தி ஏத்தியே காரின்ரை பின்பக்கம் பணிஞ்சு போச்சு. பாரம் தாங்குற கடுமையான ஸ்பிரிங்கும், அதுக்கேத்த சொக் அப்சோபரும் போட்டால் அலுவல் முடிஞ்சுது. எடுத்தும் வைச்சிட்டன்.

அண்ணை தொட்டும் பாக்கேல்லை. இளந்தாரியள் விரும்பிப் போடுற காஸ் சொக் அப்சோபரைக் காட்டினன். அதுவும் வேண்டாமாம். இருக்கிறதிலையே மெத்தெண்டது எதுவோ அதுதான் வேணுமாம்.

அதைப் போட்டால் பிறகு மூட்டை ஏத்தேலாது, டிக்கி ரோட்டிலை தேயும் எண்டு சொன்னன். இனி ஏத்தமாட்டன் எண்டார்.

"அப்ப வெங்காயம் நடந்தே சந்தைக்குப் போகும்?" எண்டு கேட்டா அக்கா.

ஆரின்ரையும் லான்ட்மாஸ்டர் உழவு மிசின் பெட்டியிலை போட்டு அனுப்பலாமாம். தன்ரை நாரி இனித் தாங்காதாம், இடுப்பு விட்டுப் போகுதாம்.

எனக்கு விசர்தான் வந்தது. விடியக்காலமை உந்த மனுசன் தோட்டத்திலை குனிஞ்ச நாரி நிமிராமல் பாத்தி கட்டினதை வேலைக்கு வரேக்கை நானே கண்டனான். மண்வெட்டி பிடிக்கேக்கை நோகாத நாரி, கார்ச் சீற்றிலை இருக்கத்தான் நோகுதாக்கும். வயது போகப் போக ஆளுக்குச் சொகுசு கேக்குது எண்டு நினைச்சன். அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டு பஸ்ஸிலை போயிட்டா.

பின்னேரம் மெத்தெண்ட ஸ்பிரிங்கைப் பூட்டி முடிச்சு, ஓடிப் பாருங்கோ அண்ணை எண்டு கார்த் திறப்பை நீட்டினன். அவர் என்னை ஓட்டச் சொல்லிப்போட்டு, பின்சீற்றிலை இடப்பக்கமாப் போய் ஏறினார். தண்ணிக்குழாய்க்குக் கிண்டின ஒழுங்கையாலை விடச் சொன்னார். பள்ளத்திலை விழேக்கையெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு இருந்தார். இன்னும் இடிக்குதாம். திருப்பிக்கொண்டு வந்து அதே பள்ளத்திலை இன்னொருக்கா விடட்டாம்.

எனக்குப் பொறுக்கேல்லை.

"அண்ணை, நாரி நோ உங்களுக்கெண்டால் ஓட்டுற சீற்றிலை இருந்தெல்லோ பாக்கோணும்? உதிலை ஆர் இருக்கிறது?"

"பத்மா" எண்டார்.

பிறகுதான் சொன்னார். சண்டைக் காலத்திலை செல் குண்டு வந்து விழேக்கை, அக்கா இவரைப் பங்கர்க் குழிக்குள்ளை தள்ளிப்போட்டு மேலை விழுந்தவவாம். இவருக்கு வந்த குண்டுத் துண்டு அவவின்ரை நாரிக்குள்ளை போய் இருந்திட்டுது. எடுக்க வெளிக்கிட்டால் கால் வழங்காமல் போகும் எண்டு டொக்டர்மார் அப்பிடியே விட்டிட்டினம்.

"கேட்டால் நோகேல்லை எண்டுவாள். பள்ளத்திலை விழேக்கை கண்ணாடியிலை பாப்பன், சீலைத் தலைப்பைக் கடிச்சுக்கொண்டு இருப்பாள். தனக்காகத்தான் செய்யிறன் எண்டு தெரிஞ்சால் போட விடாள், தம்பி. நீயும் வாய் திறந்திடாதை."

கராச்சுக்கு வந்து எல்லாத்தையும் கழட்டி, பின்பக்கத்துக்கு இன்னும் மெத்தெண்டதா வெளிக்கடையிலை தேடிப் போட்டுவிட்டன்.

மற்ற நாள் ரெண்டு பேரும் கார் எடுக்க வந்திச்சினம். அக்கா வரேக்கையே ஏச்சுத்தான். சந்தைச் சனமெல்லாம் சிரிக்கப் போகுதாம். இந்தக் கிழவருக்கு ராசா மாதிரிப் பவனி போகோணுமாம். அண்ணையின்ரை முகத்திலை ஒரு சின்னச் சந்தோசம். காரை வெளியிலை எடுக்கப் போனார்.

அவர் கதவைச் சாத்தினதும் அக்கா எனக்குக் கிட்ட வந்து குரலைத் தணிச்சா.

"நல்ல மெத்தெண்டதைத்தானே போட்டனீர்?"

"ஓம் அக்கா. ஆனால் நீங்கள்தானே வேண்டாம் எண்டு சண்டை பிடிச்சனீங்கள்?"

அக்கா அண்ணை இருந்த பக்கத்தையே பாத்துக்கொண்டு நிண்டா. கண் நிறைஞ்சு போச்சு.

"இது என்ரை நாரிக்குத்தான் எண்டு எனக்குத் தெரியாதோ, தம்பி? ஏசாமல் ஏறி இருந்தால், எனக்கு நோகுது எண்டு நானே ஒத்துக்கொண்ட மாதிரி. பிறகு எல்லாம் தன்னாலைதான் எண்டு அந்த மனுசன் நித்திரை கொள்ளாது."