புப்பாவை விட்டால் ஆளில்லை

“‘என்னை விட்டா இந்த வேலைக்கு ஆளே கிடையாது.’ எங்கே, இன்னொரு தடவை சொல்லு.”

“என்னை விட்டா...” என்று தொடங்கிய புப்பா, டாக்ஸி ஜன்னல் வழியே பாங்காக்கின் காலை நெரிசலைப் பார்த்தாள். “நம்ம கூடத்திலேயே ராத்ரி இருக்காளேக்கா.”

ஜின்தனா நெற்றியைப் பிடித்துக்கொண்டாள். ஏறியதிலிருந்து இது ஆறாவது முறை.

பாங்காக்கை அடுத்த நொந்தபுரியில் குழம்பு விழுது அரைத்து விற்கும் தொழிற்கூடம் அவளுடையது. கையிலிருந்ததை எல்லாம் போட்டு, முதலீட்டாளர் விசா வாங்கி, சிகாகோவிலும் ஒன்று தொடங்கிவிட்டாள். இடம் தயார். இயந்திரங்களும் வந்து இறங்கிவிட்டன. அரத்தையும் எலுமிச்சைப்புல்லும் எந்தப் பதத்தில் சேர வேண்டும் என்று மூக்கை வைத்தே சொல்லும் ஓர் ஆள்தான் பாக்கி. அதற்காகத் தன் தொழிற்கூடத்திலிருந்து புப்பாவை அங்கே மாற்ற ஏற்பாடு செய்திருந்தாள்.

“விசா கொடுக்கிறவங்க ஒண்ணுதான் கேப்பாங்க. ‘இவங்களைத்தான் கூட்டிட்டுப் போகணுமா? வேற ஆளே இல்லையா?’ன்னு. வக்கீல் தலைபாடா அடிச்சுக்கிட்டார், ‘வேற ஆளே இல்லை’ங்கிறதைத் தவிர வேற பதிலே சொல்லக் கூடாதாம்.”

“பொய் சொன்னா எனக்கு நாக்கு குழறும்க்கா.”

“பொய் சொல்லச் சொல்லலை. கொஞ்சம் பெருமை பேசச் சொல்றேன்.”

“பெருமை பேசினா சிரிப்பு வந்துடும்.”

டாக்ஸிக்காரர் கண்ணாடியில் பார்த்தார். “நான் வேணா உள்ளே போய்ச் சொல்லிட்டு வரட்டுமா? எனக்குப் பெருமை நல்லா வரும்.”

“நீங்க ரோட்டைப் பாருங்க அண்ணே,” என்றாள் ஜின்தனா. பிறகு புப்பாவிடம், “உனக்குப் போக ஆசை இருக்கா இல்லையா? இப்பவே ரெண்டு கம்பளிச் சட்டை வாங்கி வச்சிருக்கே. விசா கிடைக்கலைன்னா ஃபிரிட்ஜுக்குள்ளே உட்கார்ந்துதான் போட்டுக்கணும்.”

புப்பாவின் குரல் இறங்கியது. “ஆசை இல்லாமயா? பனி விழறதை ஒரு தடவையாவது பார்க்கணும்க்கா.”

அமெரிக்கத் தூதரக வாசலில் தன் கைப்பேசியை ஜின்தனாவிடம் கொடுத்துவிட்டு, கோப்பை மார்போடு அணைத்தபடி உள்ளே போனாள்.

எதிர்ச்சாரியில் இருந்த தேநீர்க் கடையில் ஜின்தனா காத்திருந்தாள். குளிர்ந்த தேநீரில் பனிக்கட்டி முழுவதும் கரைந்தது. அதை அவள் வாயில் வைக்கவில்லை. இந்த விசா கிடைக்காவிட்டால் சிகாகோவில் யார் அரைப்பது? அரைக்க ஆளில்லாமல் தொழிற்கூடம் திறந்து என்ன செய்வது?

இரண்டு மணி நேரம் கழித்துப் புப்பா வந்தாள். நேரே மேசைக்கு வராமல், வழியில் தள்ளுவண்டிக்காரியிடம் சுட்ட பன்றி இறைச்சிக் குச்சி நான்கு வாங்கிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். முகத்திலிருந்து ஒன்றும் தெரியவில்லை. அது எப்போதும் சிரித்த முகம்.

“என்ன ஆச்சு?”

“ஒரு அம்மாதான் விசாரிச்சாங்க. நம்ம பாஷை எவ்வளவு நல்லாப் பேசறாங்க தெரியுமா?”

“முடிவைச் சொல்லு.”

“வரிசையாச் சொன்னாத்தான்க்கா எனக்கு வரும். ‘நீங்கதான் போகணுமா, வேற ஆள் இல்லையா?’ன்னு கேட்டாங்க.”

“என்னை விட்டா ஆளில்லைன்னு சொன்னியா?”

புப்பா குச்சியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ராத்ரி ஞாபகம் வந்துடுச்சு. ‘ராத்ரின்னு ஒருத்தி, என்னைவிட நல்லா அரைப்பா’ன்னு சொல்லிட்டேன்.”

ஜின்தனா கண்களை மூடிக்கொண்டாள்.

“அதோட விட்டாங்களா? ‘வேற யாராவது?’ன்னாங்க. கேசினியைச் சொன்னேன். அவ கண்ணைக் கட்டிவிட்டாலும் இறால் விழுது எந்த ஊர்துன்னு சொல்லுவாளே. அப்புறம் அமரா, பிம். நாலு பேரையும் சொல்லிட்டேன்.”

“நாலு பேரையுமா?”

“ஒருத்தியை விட்டா அவ கோவிச்சுக்க மாட்டாளா?”

“அவங்க எங்கேடி வந்து கோவிச்சுக்கப் போறாங்க?” ஜின்தனாவுக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. சிகாகோவுக்கு எப்படிச் சொல்வது, யாரிடம் முதலில் சொல்வது என்று மனம் ஓடத் தொடங்கியது. “சரி, விடு. நான்தான் உன்னைப் போட்டு வாட்டிட்டேன். சாப்பிடு.”

“இன்னும் முடியலைக்கா. அந்த அம்மா எல்லாத்தையும் எழுதிக்கிட்டு, கடைசியா ஒண்ணு கேட்டாங்க.”

“இனிமே கேக்க என்ன இருக்கு?”

“‘இந்த நாலு பேருக்கும் தொழில் கத்துக்கொடுத்தது யாரு?’ன்னு கேட்டாங்க. ‘நான்தாங்க’ன்னேன். ‘அப்போ அங்கேயும் போய் நாலு பேருக்குக் கத்துக்கொடுங்க’ன்னு விசா கொடுத்துட்டாங்க.”