புளி போட்டுத் தேய்த்தது

கம்ப்யூட்டர்களின் சூடு தணிய உள்ளே தண்ணீர் ஓடும் செப்புக் கட்டிகள் பன்னிரண்டையும் கழற்றித் திறந்து வைத்ததும், காலையில் ஆபீஸைக் கூட்டித் துடைக்கும் அன்னக்கொடிதான் கழுவிக் கொடுத்தாள். தண்ணீரில் அலசினால் போதும் என்றுதான் டெக்னீஷியன் ரபீக் சொல்லியிருந்தான். கறுத்த செம்பைக் கண்டால் அவளுக்குக் கை சும்மா இருக்காது. புளியும் தேங்காய் நாருமாகத் தேய்த்துவிட்டாள்.

"தங்கமாட்டம் ஆக்கிட்டியேக்கா!" என்று சிரித்தபடி அவன் வாங்கி மூடி, திருகாணிகளை முடுக்கினான்.

மத்தியானம் ஒரு மெஷின் கொதித்து நின்றுவிட்டது. ரபீக் அதன் குழாயைத் தொட்டுப் பார்த்தான்.

"வெளிய வர்ற குழாய் சூடா இருக்கணும். இது சில்லுனு கெடக்கு. உள்ள என்னமோ அடைச்சிருக்கு. ஒரு முடி விழுந்தாலே அடைச்சிக்கிற சந்து அக்கா அது. கழுவறப்ப எதுவும் போட்டியா?"

"தண்ணிதான் தம்பி." வாய் முந்திக்கொண்டது.

"அப்ப நான் மூடுனதுலதான் தப்பு. மேனேஜர் இன்னிக்கே என்னைய வீட்டுக்கு அனுப்பிருவாரு."

அவளுக்கு நிலைகொள்ளவில்லை. துடைப்பதுபோல அடுத்த மெஷினுக்குப் போய்க் குழாயைத் தொட்டாள். சூடு. அதற்கடுத்ததும் சூடுதான். சாமியை நினைத்துக்கொண்டு நாலாவதைப் பிடித்தாள். அதுவும் சூடாகத்தான் இருந்தது. பிடித்த கைக்குள்ளேயே மெல்ல ஆறிக்கொண்டு வந்தது.

கையை எடுக்காமல், "தம்பி" என்றாள்.