தூரத்துக்கு ஒரு கேமரா

கோவில்பட்டிப் பள்ளிக்கூட ஹாக்கி மைதானத்தின் கம்பி வேலிக்கு வெளியே இசக்கிபாண்டி நிற்கிறார். தோளில் இரண்டு கேமராக்கள். ஒன்று பத்து வருஷமாகக் கல்யாண வீடுகளுக்குச் சுமந்த அவருடைய பழைய கிராப் சென்சார், அதே லென்ஸிலும் தூரத்து உருவத்தைப் பெரிதாகக் காட்டும் ரகம். மற்றது, எடுத்துப் பார்த்துவிட்டு வாங்கிக்கொள்ளச் சொல்லி ஸ்டூடியோக்காரர் சண்முகராஜ் கொடுத்த புது ஃபுல் ஃபிரேம், பெரிய சென்சார் உள்ளது. கரிசல் புழுதி உள்ளே போய்விடாமல் காற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ஒரே நீள லென்ஸை இரண்டிலும் மாற்றி மாற்றிப் பூட்டுகிறார். எதிர்க்கோடியில் சாயங்கால வெயில் விழுந்த ஏழாம் எண் சட்டை. மட்டை பந்தில் படுவது முதலில் தெரிகிறது, சத்தம் பிறகு வருகிறது. அந்த ஏழாம் எண் அவர் மகள் பிரித்திகா. மூன்று வயதில் அம்மாவோடு போனவளுக்கு இப்போது பன்னிரண்டு. செல்போனில் சண்முகராஜ் கேட்கிறார்.

“என்ன அண்ணாச்சி, எடுத்துப் பாத்தீயளா? இருட்டு மண்டபத்துலகூட படம் பளிச்சுன்னு விழும். கல்யாண வேலைக்கு அதான் சரி.”

“விழுது. ஆனா இதுல அவ ரொம்பத் தூரத்துல நிக்கா. பழசுலதான் கிட்ட வாரா.”

“யாரு அண்ணாச்சி?”

அவர் போனை அணைத்துவிட்டுப் பழைய கேமராவைக் கண்ணில் வைக்கிறார். பந்து உருண்டு வேலிக்கு அடியில் நுழைந்து அவர் காலில் வந்து முட்டுகிறது. அதன் பின்னாலேயே அவள் ஓடி வருகிறாள். முகம் பெரிதாகிறது, இன்னும் பெரிதாகிறது, சட்டென்று கலங்கிப்போகிறது. இத்தனை பக்கத்தில் இருப்பது அந்த லென்ஸுக்குப் பிடிபடாது. அது முன்னும் பின்னும் தேடி முனகுகிறது. கேமராவை முகத்தைவிட்டு இறக்க அவருக்குக் கை வரவில்லை.

“அண்ணாச்சி,” என்கிறாள் பிரித்திகா, மூச்சிரைக்க. “அந்தப் பந்தை இங்கன தள்ளி விடுங்க.”