இடது கை

"உங்க வழக்கத்தை மதிக்கிறேம்மா" என்று சொல்லிவிட்டுப் பதினோராவது பையனும் பின்வாங்கினான்.

எனக்குச் சிரிப்பு தொண்டைவரை வந்துவிட்டது. போர்வையைக் கடித்துக்கொண்டேன்.

நான் நோயாளி இல்லை. மருத்துவ மாணவர்களின் பயிற்சிக்காக நோயாளியாக நடிப்பவள். காய்ச்சல்காரி வேஷம். வலது கையில் ட்ரிப்ஸ் ஒட்டியிருக்கும்; பிரஷர் பார்க்க இடது கையைக் கேட்டால் கொடுக்கக் கூடாது. ஏன் என்று கேட்டால் மட்டும் சொல்லலாம்.

ஒருவரும் கேட்கவில்லை! என் முக்காட்டைப் பார்த்ததும் ஒருத்தி பெண் நர்ஸைக் கூப்பிட ஓடினாள். ஒருவன் வராத கணவரிடம் அனுமதி வாங்கலாமா என்றான். பிற பண்பாட்டை மதிப்பது எப்படி என்று போன வாரம்தான் பாடம் நடந்ததாம். பிள்ளைகள் கரைத்துக் குடித்திருந்தார்கள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஆசிரியை. இன்றைக்கு ஒருவராவது கண்டுபிடிக்காவிட்டால் இந்தக் கேஸையே பயிற்சியிலிருந்து தூக்கிவிடுவதாக மதியம் சொல்லியிருந்தார். அதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

கடைசி ஆளாக ஒருத்தி வந்தாள். வரும்போதே நாற்காலியில் இடித்துக்கொண்டு, நாற்காலியிடமே மன்னிப்பும் கேட்டாள்.

போச்சுடா என்று நினைத்தேன்.

கையைக் கேட்டாள். போர்வைக்குள் இழுத்துக்கொண்டேன். சரி என்று தலையாட்டிக் கதவுவரை போனவள் நின்றாள்.

"தப்பா எடுத்துக்காதீங்க, எனக்குத் தெரியல, அதான் கேக்கறேன். ஏன்க்கா கையக் குடுக்க மாட்டேங்கறீங்க?"

"வலிக்குதுடி கண்ணு! பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டேன்!"

வலியில் முனக வேண்டிய வசனம் அது. நான் கட்டிலில் எழுந்து நின்று கத்தினேன். ட்ரிப்ஸ் குழாய் ஒரு பக்கம், போர்வை ஒரு பக்கம். அவளைக் கட்டிப்பிடித்து இரண்டு சுற்றுச் சுற்றினேன். பாவம், மிரண்டுபோய் என் பிரஷரை இப்போதாவது பார்க்கலாமா என்று கேட்டாள். கண்ணாடிக்குப் பின்னால் ஆசிரியை கைதட்டுவது கேட்டது.

வேஷத்தைக் கலைத்தேன். ட்ரிப்ஸ் ஒட்டியிருந்த டேப்பைப் பிய்த்தேன், ஆஸ்பத்திரி அங்கியைக் கழற்றினேன்.

முக்காட்டைக் கழற்றவில்லை. அது என்னுடையது.

கேஸும் என்னுடையதுதான். மூன்று வருடத்துக்கு முன், நிஜமான வார்டில், நிஜமான காய்ச்சல் மயக்கத்தில் நான் கையை இழுத்துக்கொள்ள, இரண்டு வாரம் எல்லோரும் ரொம்ப மரியாதையாக அதைத் தொடாமலே விட்டார்கள்.

வாசலில் அவள் திரும்பிப் பார்த்தாள். எலும்பு கோணலாகச் சேர்ந்துபோன இடது கையைத் தூக்கி டாட்டா காட்டினேன்.