சிவப்புப் புள்ளி

எந்தக் கம்பெனியின் இணைய இணைப்பை வாங்குவது என்று தொடங்கிய சண்டையில், பூங்கோதையும் அவள் கணவன் ஞானசேகரும் பேசி நான்கு நாளாகிவிட்டது. அவள் சொன்னதை விட்டுவிட்டு அவன் வேறொன்றுக்குப் பதிவு செய்திருந்தான். தினமும் வீடு திரும்பியதும் வாசல் கேட்டில் அவளுக்காக ஸ்கூட்டர் ஹாரனை இரண்டு தடவை அடிப்பவன், அதையும் நிறுத்திவிட்டான். இன்று கேபிள் இழுக்க வந்த ரியாஸுக்குத் துணைக்கு ஆள் இல்லை. கீழே கேட்டருகில் இருந்த பெட்டியின் பக்கத்தில் ஞானசேகரை நிற்க வைத்து, பேனா போன்ற ஒரு விளக்கைக் கேபிளின் முனையில் செருகிக் கொடுத்தான். மூன்றாவது மாடி வீட்டில் பூங்கோதையிடம் மறுமுனையைக் கொடுத்தான். தலைமுடி போல ஒரு கண்ணாடி இழை.

"கண்ணுக்கு நேரா பிடிக்காதீங்கக்கா, உள்ளங்கையில காட்டுங்க. செவப்பா புள்ளி விழுந்தா லைன் நல்லா இருக்குன்னு அர்த்தம்."

பிறகு பாதிப் படிக்கட்டில் இறங்கி நின்று, "சார், ஒருவாட்டி லைட் அடிங்க" என்று கீழே குரல் கொடுத்தான்.

அவள் உள்ளங்கையில் மருதாணிப் பொட்டு போல ஒரு சிவப்புப் புள்ளி விழுந்து அணைந்தது. உடனே இன்னொரு தடவை விழுந்து அணைந்தது. ரியாஸ் ஒரு தடவைதான் அடிக்கச் சொல்லியிருந்தான்.

"வந்துச்சாக்கா?"

"வரலையே தம்பி," என்றாள் பூங்கோதை, கையை இன்னும் நன்றாக விரித்துக்கொண்டு. "மறுபடியும் அடிக்கச் சொல்லுங்க."